ஊருணியில் எடுத்த வேர்: தண்ணீர் கடுந்தேநீர் நிறம், கட்டையோ மிதக்கிறது. என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான்காரன்:
வணக்கம். ஊருணி வற்றிக் கிடந்தபோது கரையோரம் ஒரு வேர் கிடைத்தது. ஒன்றரை அடி நீளம், விரல் விரித்த கை மாதிரி இருந்தது. புளிய வேர் என்கிறார் அய்யா. பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, அழகுக்காக நேராக மீன் தொட்டியில் இறக்கிவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. மேலே கல் வைத்தாலும் வேர் கிளம்பி வருகிறது. அதன்மேல் பழைய மாவில் படிகிற ஆடை போல வெள்ளையாக ஏதோ வழவழக்கிறது. தொட்டியில் ஆறு கப்பி மீன், பத்து இறால். இதுவரை எதுவும் சாகவில்லை. வேரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கொதிக்க வைக்கலாம் என்றால் வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லை. சாமான் அறையில் ஆயாவின் கல்யாணச் சீர் பித்தளை அண்டா மட்டும் இருக்கிறது.

தொட்டிக்காரன்:
பதறாதீங்க தம்பி. பழுப்பு நிறம் டானின், தேயிலையில் துவர்ப்பது அதேதான். மீனுக்குக் கெடுதல் இல்லை. வெள்ளை ஆடை பூஞ்சையும் பாக்டீரியாவும். கட்டையில் உள்ள சத்து தீர்ந்தால் சில வாரத்தில் தானாக அடங்கும். இறால் மேய்ந்தும் தீர்த்துவிடும். ஆனாலும் வேரை வெளியே எடுங்கள். குளத்துக் கட்டையில் அட்டை, நத்தை முட்டை, தட்டான் புழு எல்லாம் ஒட்டி வரும், கொதிக்க வைப்பதே அதற்காகத்தான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே போனாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ அடுப்புக்குத்தான் ஆகும். சோப்பு மட்டும் வேண்டாம், மரம் உறிஞ்சிக்கொள்ளும்.

இறால் பண்ணுகிறவன்:
அந்த அண்டா வேண்டவே வேண்டாம்! பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால், இரண்டு மணி நேரம் துவர்த் தண்ணீர் கொதிக்கும்போது செம்பு இறங்கி வேரில் ஏறும். மீன் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது. பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வரோ அலுமினியமோ எடுங்கள். முழுதாக மூழ்காவிட்டால் பாதி அவித்து, திருப்பிப் போட்டு மறுபாதி.

கானாடுகாத்தான்காரன்:
பார்த்தேன் அண்ணே. அடியில் மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது. வாடகைக்கே எடுக்கிறேன். மிதப்பதற்கு என்ன வழி? தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் துண்டில் கட்டிவிடலாமா? இடித்த வீட்டுத் தேக்குத் தூண் துண்டும் ஒன்று இருக்கிறது, அது ஆகுமா?

தொட்டிக்காரன்:
ஆத்தங்குடிக் கல் சிமெண்ட். சுண்ணாம்பு கசிந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும், போர் தண்ணீர் ஏற்கெனவே அப்படித்தானே? கருங்கல் பலகையில் எவர்சில்வர் திருகாணி போட்டு முடுக்குங்கள். பொறுமை இருந்தால் அவித்த பிறகு வாளியில் ஊறவிட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். எனக்கு ஒரு கட்டை ஐந்து வாரம் எடுத்தது. தூண் துண்டை விடுங்கள். வார்னிஷ், கரையான் எண்ணெய் என்று எத்தனை வருடம் பூசினார்களோ, அது அவித்தால் போகாது.

கானாடுகாத்தான்காரன்:
மூன்று தடவை அவித்தேன். முதல் தண்ணீர் கருப்பு, மூன்றாவது இளமஞ்சள். "இத அவிச்சு யாருக்குடா பரிமாறப் போற?" என்று ஆயா கேட்டார். இன்று பத்தொன்பதாம் நாள். ஒரு முனை வாளியின் அடியைத் தொட்டுவிட்டது, மறுமுனை இன்னும் மிதக்கிறது.