எம்.பி. ஆன டாக்டர் சௌந்தரம் அம்மாவுக்கு ஏன் கல்வித்துறை?

சிறுமலை வாசி:
திண்டுக்கல் பக்கம் சௌந்தரம் அம்மா என்றால் அவர் தொடங்கிய காந்திகிராமம், அங்குள்ள கஸ்தூரிபா ஆஸ்பத்திரி, அதோடு பேச்சு முடிந்துவிடும். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி நேரு மந்திரிசபையில் துணை அமைச்சராகவும் இருந்தார் என்பது எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. படித்தது டாக்டருக்கு, கொடுத்தது கல்வித்துறை. ஏன் சுகாதாரம் தரவில்லை?

பழைய பேப்பர்:
சுகாதார அமைச்சர் நாற்காலியில் அப்போது இன்னொரு டாக்டர் இருந்தார், ஜான்சி எம்.பி. சுசீலா நய்யார். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே இருவரும் தோழிகள், சௌந்தரத்தைக் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே சுசீலாதான். அப்புறம், கல்வித்துறை ஒன்றும் சம்பந்தமில்லாத இடம் இல்லை. காந்திகிராமத்தில் ஆஸ்பத்திரி ஒரு பக்கம் என்றால் ஆதாரக் கல்வி (காந்தி சொன்ன கைத்தொழில் வழிப் படிப்பு), கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி என்று மறுபக்கம் முழுக்கப் பள்ளிக்கூடம்தானே. 1956-ல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்ததும் மத்திய கல்வி அமைச்சகத்தின் திட்டத்தில்தான்.

வைகைக்கரை:
எல்லாம் சரி, துணை அமைச்சருக்கு என்ன பெரிய அதிகாரம்? சபையில் எழுந்து கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பாதி வேலை, முடிவெடுப்பவர் மூத்த அமைச்சர். அதற்கு முன் 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் என்று இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக ஊரோடு இருந்த காலம்தான் உருப்படியானது என்பேன். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஐந்து வருஷம் டெல்லியில் உட்கார்ந்தது எனக்கு நஷ்டமாகத்தான் படுகிறது.

சின்னாளபட்டி மருமகள்:
விட்டுவிட்டு என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரி அவரை நம்பி மட்டும் நின்றிருந்தால் இன்றைக்கு இருக்குமா? என் மாமியாருக்கு மூன்று பிரசவமும் அங்கேதான். டி.வி.எஸ். வீட்டுப் பெண், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், அதற்குப் பிறகு 1936-ல் டாக்டர் பட்டம், 1940-ல் சாதி விட்டு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனோடு மறுமணம். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் பார்க்காமல், கடிதம் போடாமல் இருங்கள் என்று காந்தி சொல்ல, இருவரும் இருந்து காட்டியவர்கள். அப்படிப்பட்டவர் டெல்லியில் சும்மா உட்கார்ந்திருப்பாரா?

வைகைக்கரை:
ஆளைக் குறை சொல்லவில்லை அக்கா, பதவியைத்தான் சொன்னேன். 1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸே கவிழ்ந்தது, அவருடைய எம்.பி. பதவியும் அதோடு சரி.

சிறுமலை வாசி:
அந்தக் கால மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற இணைய நூலகத்தில் கிடைக்கின்றன. கல்விக் கேள்விகளுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று 1962-லிருந்து புரட்டிப் பார்க்கிறேன், கிடைப்பதை இங்கேயே போடுகிறேன்.