விக்கிப்பீடியாவை நம்பி மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஏட்டுச்சுரைக்காய்:
இதில் பிச்சோலிம் போரை யாரும் மிஞ்ச முடியாது. கோவாவில் போர்ச்சுகீசியரும் மராட்டியரும் 1640-41இல் மோதினார்கள் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் ஏறிய கட்டுரை. அப்படியொரு போரே நடக்கவில்லை! ஆனால் இரண்டே மாதத்தில் ‘நல்ல கட்டுரை’ என்ற தர முத்திரை வாங்கி, 2012 டிசம்பர் வரை ஓடியது. ஒரு பயனர் மேற்கோளில் இருந்த புத்தகங்களைத் தேடிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. புத்தகங்களே கிடையாது.

அதனால் மேற்கோளில் உள்ள புத்தகத்தின் தலைப்பை, உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் போட்டுப் பாருங்கள். 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) இருந்தால் இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடவில்லையா, எண்ணில் பிழை. வகுபட்டாலும் புத்தகம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, கணக்குத் தெரிந்தவர் கட்டிவிடலாம்.

கரையான்:
புத்தகம் போகட்டும், செய்தித்தாளே ஏமாற்றும். 2009 பிப்ரவரியில் ஜெர்மன் அமைச்சராகவிருந்த குட்டன்பெர்க்கின் நீளமான பெயர் வரிசையில் ‘வில்ஹெல்ம்’ என்று ஒன்றை ஜெர்மன் விக்கிப்பீடியாவில் யாரோ செருகினார்கள். பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவில் ஆதாரமாக வந்து உட்கார்ந்தது.

பிடிக்கும் வழி: கட்டுரையின் திருத்தங்கள் பதிவாகும் ‘வரலாறு’ பக்கத்துக்குப் போய், அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். நீண்ட கட்டுரைக்கு விக்கிபிளேம் கருவி தேடித் தரும். ஆதாரத்தின் தேதி அதற்குப் பிந்தியதாக இருந்தால் உஷார். வரி நுழைவதற்கு முன்பு வெளியான ஒன்று கிடைக்கும்வரை எடுத்தாளாதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
ஆதாரம் சரி, எண்ணும் சரி, ஆனாலும் தப்பு என்று ஒரு வகை உண்டே.

கரையான்:
மாவட்டக் கட்டுரைகள்! 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்துக்கு 39 லட்சம் பேர். அது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்திருந்த வேலூர். 2019இல் மூன்றாகப் பிரிந்தாயிற்று. பழைய எண்ணை இன்றைய எல்லையோடு எடுத்து மக்கள் அடர்த்தி போட்டால் கணக்கு எகிறும். கணக்கெடுப்பின் வட்ட வாரிப் பட்டியலை எடுத்து, இப்போது வேலூரில் இருக்கும் வட்டங்களை மட்டும் கூட்டுங்கள். பிரிவினையில் வட்டங்களும் சில உடைந்திருக்கின்றன. அங்கே கிராம அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும்.