கப்பல் லிஸ்ட்டுலயும் பொண்டாட்டி, ஊர்லயும் பொண்டாட்டி

ஆற்காட்டுப் பேத்தி:
தென்னாப்பிரிக்காவுல நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக் கப்பல் ஏறினவங்களோட லிஸ்ட் பாத்தவங்களுக்கு அந்த அங்க அடையாளக் கட்டம் தெரியும்ல. எங்க கொள்ளுத்தாத்தா வரில இடது புருவத்து மேல தழும்புன்னு இருக்கு, மாடு முட்டின தழும்புன்னு ஆயா அவங்க மாமியார் சொல்லக் கேட்டது, அதனால ஆள் அவருதான். ஆனா அவரு பொண்டாட்டியையும் கைக்கொழந்தையையும் விட்டுட்டு தனியாப் போனாருன்னுதான் எங்க வீட்ல சொல்லுவாங்க. லிஸ்ட்ல அவருக்கு அடுத்த நம்பர்லயே ஒரு பொண்ணு, மனைவின்னு. அவரு ஆற்காடு தாலுக்கா, அவங்க செங்கல்பட்டு. 100 ஆம்பளைக்கு 40 பொம்பளை வேணும்னு அப்ப ரூல், கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி ஆளுங்கள தங்க வெச்ச மெட்ராஸ் டிப்போவுலயே ஜோடி சேந்தவங்க நெறைய. டர்பன் பெரியப்பாகிட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அரைகுறைத் தமிழ்ல, "ஊர்ல அந்தம்மா எத்தன வருஷம் பாத்துட்டு இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. இன்னிக்கும் அது காதுலயே இருக்கு.

மலையகத்தான்:
அக்கா, தாலுக்கா வேறன்னா டிப்போ ஜோடின்னு எப்படி முடிவு பண்றீங்க? பொண்ணோட பொறந்த ஊரை எழுதியிருந்தா? எங்க வீட்ல இப்படித்தான் அவசரப்பட்டோம். இலங்கைத் தோட்டத்துல ஆளோட கடனை எழுதிக் குடுக்கற துண்டு முறைய 1921ல ஒழிச்சாங்க, அதுக்கு முந்தின கடன் துண்டு ஒண்ணு பெட்டில கெடந்துச்சு, தாத்தா பேருக்குக் கீழ இன்னொரு பேரு, தம்பின்னே நெனச்சு அவருக்குத் திதி கூட குடுத்தோம். கடைசில பாத்தா ஒரே கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேத்துக் கூட்டிட்டு வர்றவர்) கூட வந்த ஆள், சொந்தமே இல்ல.

பழைய ரெக்கார்டு:
ரெண்டு பேரும் ஒண்ணு கவனிங்க. டைப் பண்ணின லிஸ்ட்ட நம்பாதீங்க, ஒரிஜினல் பக்கத்தோட ஸ்கேன் வாங்குங்க, அதுலயும் கிளார்க் முனுசாமிய மூன்சாமின்னு காதுல விழுந்தபடி எழுதி வெச்சிருப்பான். நேட்டால்ல அப்பா பேரே சர்நேம் ஆயிடும், அதனால தலைமுறைக்குத் தலைமுறை சர்நேம் மாறும், சர்நேம வெச்சு மட்டும் தேடினா பாதி சொந்தம் விட்டுப்போகும். அங்க பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துல எஸ்டேட் ஃபைல், அதாவது செத்தவங்க சொத்து ஃபைல் இருக்கும், அதுல டெத் நோட்டீஸ்னு ஒரு ஃபாரம், அப்பா அம்மா பேரு, பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் அதுல கேட்டிருக்கும். ஆனா கீழ கையெழுத்து யாருதுன்னு மொதல்ல பாருங்க. பெத்த புள்ள சொன்னதுக்கும் பக்கத்து லைன் வீட்டுக்காரர் சொன்னதுக்கும் ஒரே மதிப்பு கெடையாது. எங்க ஃபைல்ல மருமகன் சொல்லியிருந்தாரு, மாமியார் பேரையே தப்பா.

ஆற்காட்டுப் பேத்தி:
மலையகத்தான் தம்பி, கேட்டது நியாயம், அதனாலதான் பத்திரத்த எடுத்தேன். கப்பல் போய் ஆறு வருஷம் கழிச்சு ஊர்ல நெலம் வித்த பத்திரம், கொள்ளுப்பாட்டியோட கைநாட்டு, மை பரவி ரேகையே தெரியல. அப்போ கப்பல்ல அவரு கூட மனைவின்னு போனது வேற பொண்ணுதான். பேருக்கு முன்னாடி விதவைன்னு எழுதல. அவரு பேரைப் போட்டு, "பாரியாள்"னுதான் எழுதியிருக்கு.