வேகத்தடையில் விழுந்த நீலக் கேன்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர் 'கீழத்தெரு வீடுகள்'. தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, இவ்வளவுதான் அதில் ஓடும். ஓர் ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி ஓடியது. பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடி; 'நான்' என்று வருவது முத்து. குரல் பதிவுகளை நான் எழுத்தாக்கியிருக்கிறேன். இடையில் வந்த கும்பிடு படங்களை எடுத்துவிட்டேன்.

06:52
நான்: வேகத்தடையில் ஒரு குட்டி யானை வண்டி தூக்கிப் போட்டு இரண்டு நீலக் கேன் கீழே விழுந்துவிட்டது. ஒன்று உடைந்து ஓடுகிறது. வெள்ளையாகப் புகை வருகிறது. மூக்கு எரிகிறது.

06:52
ஆச்சி (குரல் பதிவு): ஏலே, என் வாசல் கோலம் பொங்குதுலே! இப்போதுதான் போட்டு முடித்தேன். உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி நுரைக்கிறது. என்ன எழவு இது?

06:53
கடை அண்ணாச்சி: பேட்டரி ஆசிட் என்று டிரைவர் சொல்கிறான். மோட்டார் போட்டுவிட்டேன். ஓஸ் பைப்பை எடுத்து வருகிறேன், சாக்கடைக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

06:53
ஃபயர் பெரியப்பா: அண்ணாச்சி, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள், யார் மேலாவது பட்டதா?

06:54
நான்: கிளீனர் பையனுக்கு வலது காலில். முழங்காலுக்குக் கீழே பேன்ட் நனைந்திருக்கிறது. எரிகிறது என்று குதிக்கிறான்.

06:54
ஃபயர் பெரியப்பா: அப்படியானால் ஓஸ் அவனுக்குத்தான். உடம்புக்குத் தண்ணீர், தரைக்கு மண். கொட்டின இடத்தைவிட்டு அவனை மேற்கே கூட்டிக்கொண்டு போ. அண்ணாச்சி கடை வாசல் சரியாக இருக்கும்.

06:55
நர்ஸ் அக்கா: முத்து, பேன்டைக் கழற்றாதே, கத்தரியால் கீழிருந்து மேலே வெட்டு. கழற்றினால் நல்ல தோல் மேலெல்லாம் இழுபடும். ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடு, ஆசிட் உள்ளே போய்த் தேங்கி நிற்கும். வெறுங்கையால் தொடாதே. பாலிதீன் பையாவது மாட்டிக்கொள். தண்ணீர் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20. கழுவுகிற தண்ணீர் இடது காலில் வழியக் கூடாது.

06:55
துபாய் சித்தப்பா: இங்கே கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சோடா உப்பைக் கரைத்து ஊற்றினால் ஆசிட் செத்துப்போகும்.

06:56
நர்ஸ் அக்கா: தரையில் சாகட்டும் சித்தப்பா, தோலில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும், ஆசிட் புண்ணோடு சூட்டுப் புண்ணும் சேரும். சோடாவைத் தேடி எடுத்துக் கரைக்கிற இரண்டு நிமிடத்தில் எவ்வளவு உள்ளே இறங்கிவிடும் தெரியுமா? பேஸ்ட், மஞ்சள், இங்க், வெண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது. வெறும் தண்ணீர்.

06:56
நான்: அண்ணாச்சி ஓஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பையன் அழுகிறான். பதினெட்டு வயதுதான் இருக்கும்.

06:57
ஃபயர் பெரியப்பா: யார் 112 அடித்தது? ஒருவராவது அடித்தீர்களா, இல்லை எல்லோரும் வீடியோதானா?

06:57
டீச்சர் மதினி: நான் அடித்துவிட்டேன். ஃபயருக்கும் 108-க்கும் சொல்கிறேன் என்றார்கள். என்ன ஆசிட் என்று கேட்டார்கள், பேட்டரி ஆசிட் என்று சொல்லிவிட்டேன்.

06:58
ஃபயர் பெரியப்பா: பேட்டரி ஆசிட் இப்படிப் புகையாதே. முத்து, காற்று வருகிற பக்கம், அதாவது மேற்கே நின்றுகொண்டு, உடையாத கேனின் லேபிளை ஜூம் பண்ணிப் படம் எடு. கிட்டே போகாதே. வைர வடிவத்தில் ஒரு படம் இருக்கும், ஒரு கையும் ஒரு இரும்புத் துண்டும் அரிக்கிற மாதிரி, கீழே 8 என்று. அதன் பக்கத்தில் நாலு இலக்க எண். அந்த எண்தான் வேண்டும்.

06:59
நான்: [படம்] பாதி கிழிந்திருக்கிறது பெரியப்பா. 1789 மாதிரித் தெரிகிறது.

06:59
ஃபயர் பெரியப்பா: 1789 என்றால் ஹைட்ரோகுளோரிக். 1830 என்றிருந்தால் சல்ஃபூரிக், 2031 நைட்ரிக். உலகம் முழுக்க ஒரே எண்தான், பாஷை தெரிய வேண்டாம். மதினி, திரும்ப அடித்து இந்த எண்ணைச் சொல்லுங்கள். எந்த மூச்சுக் கருவியோடு இறங்க வேண்டும் என்பதை அவர்கள் இதை வைத்துத்தான் முடிவு பண்ணுவார்கள்.

07:00
டீச்சர் மதினி: சொல்லிவிட்டேன். கோலம் ஏன் பொங்கியது என்றும் இப்போது புரிகிறது ஆச்சி. நம் கோலப்பொடி சுண்ணாம்புக்கல் பொடி. தாழையூத்தில் சிமென்ட்டுக்கு வெட்டுகிறார்களே, அதே ஜாதிக் கல். ஆசிட் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வருகிறது. பச்சரிசி மாவில் போட்டிருந்தால் பொங்கியிருக்காது.

07:00
ஆச்சி (குரல் பதிவு): அரிசி விற்கிற விலைக்கு மாவில் போடவா? நீ வேற.

07:01
ஃபயர் பெரியப்பா: ஆனிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது. வேகத்தடைக்குக் கிழக்கே இருக்கிற ஆறு வீடும் ஜன்னலைச் சாத்துங்கள். பின்வாசல் உள்ளவர்கள் பின்னால் இறங்கி மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். புகை காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊரும். வெளியே வர முடியாத ஆட்கள் மாடிக்கு ஏறிக் கதவிடுக்கில் ஈரத்துணி திணித்துக்கொள்ளுங்கள்.

07:01
கொத்தனார் மாமா: கரையாளர் வீட்டுப் புதுக் கட்டட மணல் இருக்கிறது. நாலு சட்டி அள்ளி மேலே கொட்டிவிடவா?

07:02
ஃபயர் பெரியப்பா: மேலே வேண்டாம். அது ஓடி வருகிற பாதையில், சாக்கடை வாய்க்கு முன்னால் கரை கட்டுங்கள். அந்தச் சாக்கடை நேராகப் பாளையங்கால்வாயில் போய் விழுகிறது. கால்வாயில் இறங்கிவிட்டால் அப்புறம் நம் கையில் இல்லை. மேற்கிலிருந்து வந்து, போட்டுவிட்டு, திரும்பிவிட வேண்டும். இருமல் வந்தால் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவாருங்கள். மரத்தூள் மட்டும் வேண்டாம். இந்த ஆசிட்டுக்குப் பெரிய ஆபத்தில்லை, நைட்ரிக்காக இருந்தால் தூள் தீப்பிடிக்கும். அதனால் ஆசிட் என்றாலே மரத்தூளை மறந்துவிடுவது நல்லது.

07:03
நான்: டிரைவர் பீடி பற்றவைக்கப் போகிறான்.

07:03
ஃபயர் பெரியப்பா: பிடுங்கி எறி. வண்டித் தகரத்தில் ஆசிட் பட்டிருந்தால் ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும். வண்டியையும் எடுக்கக் கூடாது.

07:05
கொத்தனார் மாமா: கரை கட்டியாயிற்று. ஒரு முழ உயரம். இந்தப் பக்கம் சொட்டுக்கூட வரவில்லை.

07:06
துபாய் சித்தப்பா: சுண்ணாம்பு போட்டால் அடங்கும் என்பதாவது சரியா?

07:06
ஃபயர் பெரியப்பா: அது சரி. நீற்றின பொடியாக இருக்க வேண்டும், தண்ணீர் பட்டால் கொதிக்கிற கல் ஆகாது.

07:07
கடை அண்ணாச்சி: என் கிட்டங்கியில் அரை மூட்டை வெள்ளைப் பொடி கிடக்கிறது. மழைக்காலத்தில் சாக்கடையோரம் போட்டதில் மிச்சம். தம்பியை எடுத்துவரச் சொல்லிவிட்டேன். ஆப்பச்சோடாவும் இருக்கிறது, 4 கிலோ.

07:07
டீச்சர் மதினி: அண்ணாச்சி அந்தப் பொடி

07:07
டீச்சர் மதினி: போடாதீங்க

07:07
ஃபயர் பெரியப்பா: நிறுத்து நிறுத்து

07:08
டீச்சர் மதினி: முத்து, ஓடிப்போய் அந்தப் பையனை மறி. சாக்கடையோரம் போடுவதில் சுண்ணாம்பும் இருக்கும், ப்ளீச்சிங் பவுடரும் இருக்கும். மூட்டை வாயைத் திறந்து தள்ளி நின்று வாசனை பார். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் வாடை அடித்தால் அது ப்ளீச்சிங்.

(இந்த இடத்தில் குழுவில் மூன்று நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன். மூட்டையைத் தோளில் போட்டு வந்தவன் கரைக்குப் பத்தடி தள்ளி நின்று, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.)

07:11
நான்: மறித்துவிட்டேன். குழாய்த் தண்ணீர் வாடைதான். கண்ணைக் கரிக்கிறது.

07:12
டீச்சர் மதினி: அப்பாடா. ப்ளீச்சிங்கில் அடைபட்டுக் கிடக்கிற குளோரின் ஆசிட் பட்டதும் கிளம்பிவிடும். 1915-ல் பெல்ஜியத்தில் ஈப்ர் ஊர்ப் பக்கம் ஜெர்மன்காரர்கள் போரில் திறந்துவிட்டார்களே, அதே வாயு. அரை மூட்டை போட்டிருந்தால் கிழக்கு வீடுகளை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

07:12
கடை அண்ணாச்சி: எனக்குக் கை நடுங்குகிறது. இரண்டும் வெள்ளையாகத்தானே இருக்கிறது.

07:13
கொத்தனார் மாமா: வெள்ளையடிக்க வாங்கின நீற்றின சுண்ணாம்புப் பொடி என்னிடம் ஒரு மூட்டை, 25 கிலோ, பிரிக்காமல் இருக்கிறது. பையிலேயே எழுதியிருக்கிறது.

07:14
டீச்சர் மதினி: அது போதும். கேன் 35 லிட்டர், முப்பது சதவீத ஆசிட் என்று வைத்தால் சுமார் 12 கிலோ சுண்ணாம்பு வேண்டும். ஆப்பச்சோடாவில் அடக்க வேண்டுமானால் 28 கிலோ. அண்ணாச்சியின் 4 கிலோவை ஆப்பத்துக்கே வைத்துக்கொள்ளட்டும்.

07:14
ஃபயர் பெரியப்பா: மூட்டையை மேற்கே தயாராக வையுங்கள், நாம் யாரும் போட வேண்டாம். வண்டி பெல் கேட்கிறது.

07:16
நான்: ஃபயர் வண்டி வந்துவிட்டது. 108-ம் பின்னாலேயே. தலையோடு மூடின உடுப்பு, முதுகில் சிலிண்டர்.

07:19
கடை அண்ணாச்சி: பெரியப்பா, நீங்கள் தண்ணீரே கூடாது என்றீர்கள். இவர்கள் தண்ணீர் அடிக்கிறார்களே?

07:20
ஃபயர் பெரியப்பா: எங்கே அடிக்கிறார்கள் பாருங்கள். தேங்கி நிற்கிறதில் இல்லை, மேலே புகையில். பனி மாதிரித் தூவுகிறார்கள். இந்த வாயு தண்ணீரில் நன்றாகக் கரையும், தூவினால் கீழே இறங்கிவிடும். இறங்கின தண்ணீரும் ஆசிட்தான், அதைப் பிடிக்கக் கரை இருக்கிறது. கரை இல்லாமல் நீங்கள் ஓஸ் பிடித்திருந்தால் இந்நேரம் கால்வாயில்.

07:22
ஃபயர் பெரியப்பா: சல்ஃபூரிக் என்றால் இன்னும் மோசம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூத்துக்குடி ரோட்டில் ஒரு டேங்கர் கவிழ்ந்து பள்ளத்தில் தேங்கி நின்றது. எண்ணெய் மாதிரி, புகையே இல்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்து ஒருவர் வாளித் தண்ணீரை வீசினார். அடுப்பில் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல வெடித்துத் தெறித்தது. அவர் சட்டையில் விழுந்த ஓட்டைகள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

07:24
நர்ஸ் அக்கா: பையனுக்கு 20 நிமிடம் தாண்டிவிட்டதா?

07:24
நான்: 28 ஆகிவிட்டது. சிவந்திருக்கிறது, இரண்டு இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. 108-ல் ஏற்றிவிட்டார்கள், ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு.

07:25
நர்ஸ் அக்கா: புகையில் நின்றான் என்பதையும் சொல்லி அனுப்பினாயா? நெஞ்சுக்குள் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரும். டிரைவரையும் அனுப்பு. அவன் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான்.

07:40
டீச்சர் மதினி: போலீஸ்காரர் டிரைவரிடம் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தார். 1989 மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது, இந்த மாதிரிச் சரக்கு ஏற்றினால் வண்டியில் எண் போட்ட பலகை இருக்க வேண்டும், என்ன சரக்கு, கொட்டினால் என்ன செய்வது என்று எழுதின தாளை டிரைவரிடம் கொடுத்திருக்க வேண்டும். அவனிடம் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு. 'கேன் 2' என்று மட்டும். ஏற்றிவிட்ட கடைக்காரர் பேட்டரி ஆசிட் என்று சொன்னாராம். டிரைவர் மேலும் கிளீனர் பையன் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

09:35
நான்: சுண்ணாம்பு போட்டுக் கிளறி, மணலோடு பிளாஸ்டிக் டிரம்மில் அள்ளிப் போய்விட்டார்கள். மதினி பள்ளிக்கூட லேபிலிருந்து கொண்டுவந்த நீல லிட்மஸை ஈரத்தில் வைத்துப் பார்த்தார். சிவக்கவில்லை. கடைசியாகத்தான் தெருவைக் கழுவி விட்டார்கள். போகலாம், வரலாம்.

09:41
ஆச்சி (குரல் பதிவு): டீச்சரம்மா, ஒன்று கேட்கிறேன். சைக்கிளில் விற்கிறானே பாத்ரூம் ஆசிட், அதை ஊற்றித் தேய்த்துவிட்டு, வாடை போகட்டும் என்று மேலே கொஞ்சம் ப்ளீச்சிங் தூவுவேன். அப்போதெல்லாம் நெஞ்சை அடைத்துக்கொண்டு இருமல் வரும். வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.

09:42
டீச்சர் மதினி: ஆச்சி!!! எத்தனை நாளாக?

09:43
ஆச்சி (குரல் பதிவு): பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்குத் தீபாவளி. நாள் கிழமை என்றால்தானே கழுவுகிறோம்.

09:44
டீச்சர் மதினி: ஒன்று போதும் ஆச்சி, இரண்டில் ஒன்று. நான் இப்போதே வருகிறேன், அந்த ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிறேன்.

18:20
நான்: பையனின் அம்மா பேசினார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம். காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு அனுப்புவார்களாம். ஓஸ் பிடித்த அண்ணாச்சியிடம் பேச வேண்டும் என்று நம்பர் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

18:31
கொத்தனார் மாமா: சுண்ணாம்பு மூட்டைக்குக் காசு யாரிடம் வாங்க?

18:32
கடை அண்ணாச்சி: நான் தருகிறேன் மாப்பிள்ளை. [படம்] மூட்டையில் மார்க்கரால் எழுதிவிட்டேன், 'ப்ளீச்சிங். ஆசிட் பக்கம் கொண்டுபோகாதே.'

18:40
ஆச்சி (குரல் பதிவு): கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிதாக எழுது.