கலைச்சொல் விவாதம்: தீவு மின்கட்டமைப்பின் ‘ஹோஸ்டிங் கபாசிட்டி’ – கொள்திறனா, ஏற்பளவா?

வணக்கம். ஓதநீரோட்ட மின்சாரத்தை, அதாவது கடலின் ஏற்றவற்ற நீரோட்டத்தில் எடுக்கும் மின்சாரத்தைக் கடலடி வடம் வழியே தீவுக்குள் கொண்டுவரும்போது, அங்கே ஏற்கெனவே உள்ள மின்பாதையும் துணைமின் நிலையமும் திருத்தம் எதுவும் செய்யாமல் எவ்வளவு வாங்கிக்கொள்ளும்? இந்த அளவைத்தான் ‘ஹோஸ்டிங் கபாசிட்டி’ என்கிறார்கள். ‘விருந்தோம்பு திறன்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு சுற்றுகிறது. அது வேண்டாம். ‘கொள்திறன்’ என் முன்மொழிவு.

----

> ‘கொள்திறன்’ என் முன்மொழிவு.

ஐயா, கொள்திறன் குடத்துக்கு உரிய சொல். குடம் பிடிக்கும் அளவு காலையிலும் இரவிலும் ஒன்றுதான். மின்பாதை அப்படியல்ல.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளைப் பாருங்கள். ஈடே தீவை ஒட்டிய ‘ஃபால் ஆஃப் வார்னஸ்’ நீரிணையில் ஐரோப்பியக் கடலாற்றல் மையத்தின் சோதனைத் தளம் இருக்கிறது. அங்கே நீரோட்டம் வினாடிக்கு 4 மீட்டரை நெருங்கும். 11 கிலோவோல்ட் வடங்கள் ஈடேயில் கரையேறித் துணைமின் நிலையத்துக்குப் போகின்றன. ஆர்க்னியின் உபரி மின்சாரம் ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்குப் போக நெடுங்காலமாக இருந்தவை இரண்டே இரண்டு 33 கிலோவோல்ட் கடலடி வடங்கள். தீவுக் காற்றாலைகளும் அவற்றையே நம்பியிருந்தன. அதனால்தான் 2009 முதல் அங்கே நெரிசல் வந்தால் கடைசியாக இணைந்த ஆலையின் உற்பத்தியை முதலில் குறைக்கும் தானியங்கி முறை வந்தது. புதிய ஓத ஆலைக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை அந்த நேரத்துக் காற்றும் ஊரின் தேவையும் தீர்மானிக்கின்றன.

வயிற்றுக்கு ஏற்கும், ஏற்காது என்கிறோமே, அதுதான் இங்கே பொருந்தும் வினை. ஈழத்தில் ‘ஏலும், ஏலாது’ என்றால் முடியும், முடியாது. ஏற்பு + அளவு = ஏற்பளவு.

----

> ஏற்பு + அளவு = ஏற்பளவு.

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகள் மட்டும். மாசுக் கட்டுப்பாட்டில் ‘ஏற்கத்தக்க அளவு’ என்று எழுதுகிறோம், குழம்பாதா? இன்னொன்று: மின்மாற்றியை இறக்கும் படகுத்துறை, அதை ஏற்றிச் செல்லும் சாலை, பாலம் ஆகியவற்றுக்கும் இதே சொல்லா?

----

இரண்டாவதற்கு முதலில். துறைக்கும் பாலத்துக்கும் ‘தாங்குதிறன்’ இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். அங்கே கேள்வி அச்சுச் சுமை எத்தனை டன் என்பதுதான். தண்ணீர்க் குழாயையும் தொலைபேசி வடத்தையும் புதிய வடம் கடக்கும் இடங்களுக்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘குறுக்குக் கடவு’ என்று எழுதி, செங்கோணத்தில் கடக்கிறதா, இடைவெளி எவ்வளவு என்று குறித்தால் போதும்.

‘ஏற்கத்தக்க அளவு’ சட்டம் வகுப்பது. ஏற்பளவைக் கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கில் எந்த வரம்பு முதலில் முட்டுகிறதோ அதுவே விடை. பெரும்பாலும் முதலில் முட்டுவது மின்னழுத்தம். 11 கிலோவோல்ட் பாதையில் மின்தடை 2 ஓம் என்றால், 2 மெகாவாட் உள்ளே வரும்போது கடைக்கோடியில் சுமார் 364 வோல்ட், அதாவது 3.3% ஏறும். பிரிட்டனில் இந்த மட்டத்துக்கு ±6% தான் இடம். அதே பாதையில் ஒரு காற்றாலை முன்பே 3% எடுத்திருந்தால் கதை முடிந்தது. வடமே ஒரு மின்தேக்கி என்பதையும் மறக்கக் கூடாது. ஊரில் தேவை குறைந்த இரவில் அதுவும் சேர்ந்து அழுத்தத்தை உயர்த்தும். 11 கிலோவோல்ட்டில் இது சிறிது. அதே மின்தேக்குத்திறன் 33 கிலோவோல்ட்டில் 9 மடங்கு ரியாக்டிவ் பவர் (வேலை எதுவும் செய்யாமல் முன்னும் பின்னும் ஊசலாடி அழுத்தத்தை மாற்றும் திறன்) தரும்.

அடுத்தது மின்மாற்றி. பழைய துணைமின் நிலையங்களில் ஒற்றை மின்தடை வகை டேப் சேஞ்சர் (மின்மாற்றியின் சுற்று எண்ணிக்கையை மாற்றி அழுத்தத்தைச் சீராக்கும் கருவி) இருந்தால், மின்சாரம் எதிர்த்திசையில் பாயும்போது அது முழுச்சுமையைத் தாங்காது. மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் உள்ள எம்.வி.ஏ. (திறனளவு) எண்ணை மட்டும் பார்த்துக் கணக்கிடும் அறிக்கைகள் கோட்டைவிடுவது இங்கேதான். குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, கன்வெர்ட்டர் (மின்னணு மாற்றி) வழி மின்சாரம் தரும் ஆலைகளால் தொல்லை குறைவு.

நாள் கணக்கும் முக்கியம். நீரோட்டத்தின் வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்துக்கும் அட்டமியை ஒட்டிய சிறிய ஓதத்துக்கும் அவ்வளவு வேறுபாடு வரலாம். ஒரு வாரத் தரவை வைத்து ஏற்பளவு சொன்னால் அது பிழை. ஓராண்டின் அரைமணித் தேவைத் தரவோடு காற்றையும் ஓதத்தையும் அடுக்கிப் பார்க்க வேண்டும்.

----

முழுச் சம்மதம். ஒரு திருத்தம் மட்டும்: ‘மின்னேற்பளவு’ என்று நீட்டவேண்டாம். கைபேசிக்குச் செய்யும் மின்னேற்றத்தோடு குழம்பும். எதன் ஏற்பளவு என்பதை முன்னால் வைப்போம். அகராதிப் பதிவு இப்படி:

ஏற்பளவு (பெ.): மின்பாதையோ துணைமின் நிலையமோ மேம்படுத்தப்படாமல், மின்னழுத்தம், வெப்பம், பாதுகாப்பு ஆகிய வரம்புகளில் எதையும் மீறாமல், குறிப்பிட்ட நேரத்தில் ஏற்கக்கூடிய புதிய உற்பத்தியின் அளவு. எ-டு: ‘பெரிய ஓத நாள்களின் இரவில் இம்மின்பாதையின் ஏற்பளவு பாதியாகக் குறைகிறது.’