நிறவரி அகலிப்பு: வெண்குறுமீன் ஒளிக்கு ஒரு சொல்

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களின் நிறமாலையில், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில், ஹைட்ரஜன் வரிகள் பரந்து கிடப்பதைக் குறிக்க ‘வரி அகற்சி’, ‘அழுத்த விரிவு’ என இரண்டு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். ‘விரிவு’ என்பதை வெப்பத்தால் பொருள் பெருப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டோம். ‘வரி அகற்சி’யோ, சூழல் தெரியாதவருக்கு வரி நீக்கம் குறித்த அரசாணை போல ஒலிக்கும். தவிர, அகல்தலுக்கு இடம்விட்டு நீங்குதல் என்ற பொருளும் உண்டு. வரி இடம்பெயர்வதையும் பரப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டிய துறையில் அது குழப்பமே தரும்.

சூரியனை நெருங்கும் நிறை பூமியளவு உருண்டைக்குள் அடங்கியிருப்பதால், வெண்குறுமீனின் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதைப் போல ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு. அங்கே நெருக்குண்ட பிளாஸ்மாவில் (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவில்) ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் அண்டை அயனிகளும் எலக்ட்ரான்களும் உண்டாக்கும் மின்புலத்தில் சிக்குகிறது. 1913இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஸ்டார்க் கண்டறிந்தபடி, அப்புலம் நிறவரியைப் பிளக்கும்; ஆனால் புலத்தின் வலிமை அணுவுக்கு அணு, கணத்துக்குக் கணம் மாறுவதால், பிளவுகள் தனித்துத் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே அகன்ற வரியாகிவிடுகின்றன. ஆகவே அழுத்தம் தொலைக் காரணம், மின்புலமே நேர்க் காரணம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கட்புல ஒளியில் தோன்றும் ஹைட்ரஜன் வரிகளான பால்மர் வரிகளின் வடிவத்தைக் கோட்பாட்டு வடிவத்தோடு பொருத்தித்தான் விண்மீனின் வெப்பநிலையையும் ஈர்ப்பையும், அவற்றின்வழி நிறையையும் கணிக்கிறார்கள். கோட்பாடு பிசகினால் நிறையும் பிசகும். அதைச் சோதிக்கவே அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், பெரும் மின்துடிப்பால் எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் இசட் இயந்திரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, 486.1 நானோமீட்டர் பால்மர் வரி போன்றவற்றின் வடிவத்தை நேரடியாக அளக்கிறார்கள். அங்கே ஆய்வுக்குரியது அந்த மின்புலத்தின் செயலே.

எனவே பொதுச்சொல்லாக ‘நிறவரி அகலிப்பு’ என்பதையும், இவ்வகைக்கு ‘மின்புல அகலிப்பு’ என்பதையும் முன்மொழிகிறேன். அணுக்களின் ஓட்டத்தால் வரி அகல்வதற்கு ‘டாப்ளர் அகலிப்பு’ என்று டாப்ளரின் பெயரை வைத்துக்கொண்டு, இங்கே ஸ்டார்க்கின் பெயரை விடுவது முறையா என்று கேட்கலாம். புலம் வரியைப் பிளக்கும் நிகழ்வுக்கு ‘ஸ்டார்க் விளைவு’ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். இங்கே நாம் பெயரிடுவது அணுக்கூட்டத்தின் நிகழ்வுக்கு. ‘வரி அகலிக்கிறது’ என்று வினையாகவும் ‘அகலித்த வரி’ என்று எச்சமாகவும் இச்சொல் வளைந்துகொடுப்பது, கட்டுரை எழுதுவோருக்குக் கூடுதல் வசதி.