சூப்பர்() போதுமா, சூப்பர்(ப்ராப்ஸ்) வேண்டுமா?

சில்க்போர்டு சிவா:
நேற்று வேறொரு இழையில் பெல்லந்தூர் பாண்டியன் எழுதியது இது: "ரியாக்ட்.காம்போனென்டை எக்ஸ்டெண்ட் செய்துவிட்டு வெறும் சூப்பர்() போடுகிறவனுக்கு அடிப்படையே தெரியாது. ப்ராப்ஸ் வந்து சேராது." புதியவர்களுக்கு ஒரு வரி: ரியாக்ட் என்பது வெப் பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு காம்போனென்ட், அதற்கு வெளியிலிருந்து வரும் தரவு ப்ராப்ஸ். ரியாக்ட் தரும் காம்போனென்ட் கிளாஸின் மேல் நம் கிளாஸைக் கட்டுவது எக்ஸ்டெண்ட். நம் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து (கிளாஸிலிருந்து ஒன்று உருவாகும்போது முதலில் ஓடும் பகுதி) அந்த அடிக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவது சூப்பர். பாண்டியன் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு நேர்காணலில் இதையே சொல்லித்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். போர்டில் நான் எழுதிய வெற்று அடைப்புக்குறியைச் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு, "இதுகூடத் தெரியாதா?" என்றார் அந்த மனிதர். ரெண்டருக்குள் (திரையில் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லும் மெத்தட்) திஸ்.ப்ராப்ஸ், அதாவது அந்த காம்போனென்டின் ப்ராப்ஸ், ஒழுங்காக வரும். நம்பாதவர்கள் ஓட்டிப் பாருங்கள்.

பெல்லந்தூர் பாண்டியன்:
கன்ஸ்ட்ரக்டருக்குள் வருமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

சில்க்போர்டு சிவா:
நான் ரெண்டரைப் பற்றிச் சொன்னேன். காம்போனென்ட் என்கிற அந்த பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைத் திறந்து பாருங்கள். ப்ராப்ஸ், கான்டெக்ஸ்ட், ரெஃப்ஸ், அப்டேட்டர் என்று நான்கை எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்டேட்டை (காம்போனென்ட் தனக்குள் வைத்திருக்கும் தரவு) மாற்றும் செட்ஸ்டேட்கூட அங்கே எதையும் மாற்றுவதில்லை, அப்டேட்டரிடம் தள்ளிவிடுகிறது. நம் கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் ரியாக்ட்டே இன்ஸ்டன்ஸின் (கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்ட்) மேல் ப்ராப்ஸை மறுபடி வைக்கிறது. அதனால் "வந்து சேராது" என்பது பொய்.

பெல்லந்தூர் பாண்டியன்:
"முடிந்ததும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முடிவதற்கு முன்னால்? கன்ஸ்ட்ரக்டருக்குள் திஸ்.ப்ராப்ஸ் அன்டிஃபைண்ட், மதிப்பே இல்லை. நான் கிளாஸுக்கு முன்பிருந்த கிரியேட்கிளாஸ் காலத்திலிருந்து ரியாக்ட் எழுதுகிறேன் தம்பி. 2015 மார்ச்சில் ரியாக்ட் 0.13 வந்து கிளாஸ் எழுதலாம் என்றானபோது, ஆட்டோ பைண்டிங் (மெத்தடோடு திஸ்ஸைத் தானாகக் கட்டிவைப்பது) போய்விட்டதே என்று ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் (கிளிக் போன்றவற்றுக்கு ஓடும் மெத்தட்) பைண்ட் போட்டு விரல் தேய்ந்தவன். எனக்கு சோர்ஸ் கோடு காட்ட வேண்டாம்.

சில்க்போர்டு சிவா:
தம்பி என்று கூப்பிட நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. சிவா என்றே சொல்லுங்கள்.

கோரமங்கலா கோகிலா:
இரண்டு பேரும் எந்த வருடத்தில் இருக்கிறீர்கள்? 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 வந்தது, கிளாஸ் இல்லாமல் ஃபங்ஷனிலேயே ஸ்டேட் வைக்க உதவும் ஹுக்ஸ் வந்தது. புதிய கோடில் கிளாஸ் வேண்டாம் என்று ரியாக்ட்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஃபங்ஷன் எழுதினால் சூப்பரும் இல்லை, திஸ்ஸும் இல்லை, இந்தச் சண்டையும் இல்லை.

அல்சூர் அன்வர்:
கோகிலா மேடம், எரர் பவுண்டரியை (உள்ளே வரும் எரரைப் பிடிக்கும் காம்போனென்ட்) ஃபங்ஷனில் எழுதிக் காட்டுங்கள். கெட்டிரைவ்ட்ஸ்டேட்ஃப்ரம்எரர், காம்போனென்ட்டிட்கேட்ச் இரண்டுமே கிளாஸில்தான். ரியாக்ட் 19 வந்த பிறகும் அப்படித்தான். பேஸ் கிளாஸ் செத்துவிட்டது என்கிறவர்களின் ஆப்பிலும் உச்சியில் ஒரு கிளாஸ் உட்கார்ந்திருக்கும்.

கோரமங்கலா கோகிலா:
அதற்கு லைப்ரரி இருக்கிறது. நான் எழுத வேண்டியதில்லை.

அல்சூர் அன்வர்:
அந்த லைப்ரரிக்குள் இருப்பது என்ன? கிளாஸ்.

பெல்லந்தூர் பாண்டியன்:
பேச்சை மாற்றாதீர்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் திஸ்.ப்ராப்ஸ் வருமா, வராதா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாலாவில் மதுரை பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஆபீஸிலிருந்து போன். பணம் கட்டும் பக்கம் சிலருக்கு மட்டும் வெள்ளையாக வருகிறதாம். பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். கன்ஸ்ட்ரக்டரில் வெறும் சூப்பர்(). அடுத்த வரியில் ஆரம்பத் தொகையைக் கணக்கிடும் ஒரு மெத்தட். கூப்பன் இருந்தால் மட்டும் அந்த மெத்தட் திஸ்.ப்ராப்ஸைத் தொடும். கூப்பன் இல்லாதவருக்கு எல்லாம் சரி, கூப்பன் போட்டவருக்கு டைப்எரர். ரியாக்ட் 16-இலிருந்து பிடிக்கப்படாத எரர் ஒன்று வந்தால் காம்போனென்ட் மரம் மொத்தத்தையும் கழற்றிவிடும், அதனால்தான் முழு வெள்ளை. அடைப்புக்குறிக்குள் ப்ராப்ஸ் என்று ஒரே வார்த்தையைச் சேர்த்தேன், சரியானது. நான் போக வேண்டிய பஸ் போய்விட்டது. அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன்.

சில்க்போர்டு சிவா:
கூப்பனோடு ஒரு டெஸ்ட்கூட எழுதாமல் பணம் கட்டும் பக்கத்தை மேலே அனுப்பிய டீம், அடைப்புக்குறியைக் குறை சொல்கிறதா? கன்ஸ்ட்ரக்டருக்கே ப்ராப்ஸ் ஆர்க்யுமென்டாக வருகிறதே, அதை மெத்தடுக்குக் கொடுத்திருந்தால் முடிந்தது. ரெண்டரில் ப்ராப்ஸ் வருமா, வராதா? இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெல்லந்தூர் பாண்டியன்:
எங்கள் டீமைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. கன்ஸ்ட்ரக்டருக்குள் வராது.

ஜெயநகர் வேலு:
கன்ஸ்ட்ரக்டரே எழுதாவிட்டால் என்ன? ஸ்டேட்டை கிளாஸ் ஃபீல்டாக (கிளாஸுக்குள் நேரடியாக எழுதும் வரி) வைத்தால் போதும், திஸ்.ப்ராப்ஸும் அங்கே கிடைக்கும். அப்புறம் ஒரு வேண்டுகோள். காம்போனென்டைக் "கூறு" என்றும், பேஸ் கிளாஸை "அடிப்படை வகுப்பு" என்றும் எழுதலாமே. தமிழில் பேச வந்துவிட்டு முக்கால்வாசி ஆங்கிலம்.

பெல்லந்தூர் பாண்டியன்:
கன்ஸ்ட்ரக்டர் எழுதாவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் தானாக ஒன்றை வைத்துக்கொள்கிறது. அது வந்த ஆர்க்யுமென்ட் எல்லாவற்றையும் சூப்பருக்குக் கொடுத்துவிடுகிறது. அதாவது சூப்பர்(ப்ராப்ஸ்). என் பக்கம் சாட்சி சொன்னதற்கு நன்றி வேலு. வகுப்பு என்றால் எனக்கு மதுரையில் ஏழாம் வகுப்புதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடுங்கள்.

ஜெயநகர் வேலு:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. தாய்மொழியில் ஒரு சொல்லை ஏற்க இவ்வளவு கூச்சமா? கணினி என்ற சொல்லையும் முதலில் எல்லோரும் இப்படித்தான் ஒதுக்கினார்கள்.

அல்சூர் அன்வர்:
வேலு, அதற்குத் தனி இழை திறங்கள். எங்கள் ஆபீஸ் ரெப்போவில் (கோடு வைக்கும் இடம்) இன்றைக்கும் நூற்றுக்கணக்கில் கிளாஸ் இருக்கிறது. அதில் இரண்டு விதமும் இருக்கிறது, இரண்டும் ஓடுகிறது.

பெல்லந்தூர் பாண்டியன்:
ஓடுகிறது, கூப்பன் வரும்வரை.

கோரமங்கலா கோகிலா:
ஹுக்ஸில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்று மறுபடி சொல்கிறேன். ஆளெடுக்கும்போது அடைப்புக்குறியைப் பார்த்து ஒருவரைக் கழித்துக் கட்டுவது கேவலம். அதில் சிவாவின் கோபம் நியாயமானது.

சில்க்போர்டு சிவா:
நன்றி. எனக்கு வலிப்பது அதுதான். அந்த மனிதரும் "ப்ராப்ஸ் வராது" என்றார், ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன், லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. பாண்டியன், "வராது" என்ற அந்த ஒரு சொல்லைத் திருத்துங்கள். "கன்ஸ்ட்ரக்டருக்குள் மட்டும் வராது" என்று போடுங்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பெல்லந்தூர் பாண்டியன்:
திருத்த மாட்டேன். கன்ஸ்ட்ரக்டருக்குள் வராதது எனக்கு வராததுதான். புதிதாகச் சேர்கிறவர்களிடம் "சில இடத்தில் வரும், சில இடத்தில் வராது" என்று சொன்னால் அவர்கள் முதல் பாதியை மட்டும்தான் கேட்பார்கள். எங்கள் டீமில் சூப்பர்(ப்ராப்ஸ்) இல்லாத கிளாஸை நான் மெர்ஜ் செய்ய (பொதுக் கோடில் சேர்க்க) விடமாட்டேன்.

சில்க்போர்டு சிவா:
ரெண்டரில் வருமா, வராதா?

பெல்லந்தூர் பாண்டியன்:
கன்ஸ்ட்ரக்டருக்குள்?

ஜெயநகர் வேலு:
"கூறு" என்ற சொல்லில் என்ன குறை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.